டமார் போட்ட பெட்டி

பெற்றவர்கள் அவளுக்கு நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். யார் கூப்பிட்டார்கள் அந்தப் பெயரை? நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் போன இடத்தில் எல்லாம் ஏதாவது ஒன்று கீழே விழுந்தது. விழுந்த சத்தத்தையே அப்பா பெயராக்கிவிட்டார். டமார். கல்லூரிக்குப் போனால் அந்தப் பெயர் தொலையும் என்று நினைத்தாள். முதல் வாரமே ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவையைப் போட்டு உடைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே வகுப்பு அதே பெயரைக் கண்டுபிடித்துவிட்டது.

அதற்காக அவளை அஜாக்கிரதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். அஜாக்கிரதையான ஆளுக்குப் பொருள்மேல் அக்கறை கிடையாது. இவளுக்கு அக்கறை வேண்டிய அளவுக்கு மேலேயே உண்டு. ஒரு கோப்பையைக் கையில் எடுத்தால் அதன் விளிம்பில் ஓடும் பூ வரிசையைப் பார்ப்பாள். யார் உட்கார்ந்து வரைந்திருப்பார்கள் என்று யோசிப்பாள். அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் திரும்புவாள். அந்தத் திரும்பலில்தான் எல்லாம் போகும்.

வீட்டில் ஒரு நீலக் கண்ணாடி ஜாடி இருந்தது. மெல்லிய கழுத்து, அதைவிட மெல்லிய கைப்பிடி. கல்யாணமான புதிதில் அப்பா ஆசையாக வாங்கி வந்தது. ஜாடியோடு அதே நீலத்தில் தம்ளர்களும் வந்தன. அவை இப்போது இல்லை, ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசித் தம்ளர் போன அன்று அம்மா ஜாடியை அலமாரி உச்சியில் ஏற்றினாள். கையோடு டமாருக்கு ஒரு ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கப்பும் வாங்கினாள். அதில் ஒரு வாத்துப் படம். கழுவிக் கழுவி வாத்துக்குத் தலை போய்விட்டது, அவளுக்கும் இருபது வயது ஆகிவிட்டது. டீ மட்டும் இன்னும் அதில்தான்.

ஜாடி அக்காவுக்கு என்று எப்போதோ பேசி முடித்தாயிற்று. அக்கா கல்யாணமாகித் தூரத்து ஊரில் இருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் போனால் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நான் கொண்டுபோய்க் கொடுக்கறேம்மா" என்றாள் டமார் ஒரு விடுமுறையில்.

"நீ போய் அக்காவைப் பார்த்துட்டு வா. ஜாடி அதுபாட்டுக்கு மேலயே இருக்கட்டும்."

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டமாரும் சிரித்தாள். சிரித்துவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்றாவது ஒருநாள் அம்மா அந்த ஜாடியைத் தன் கையில் நம்பிக் கொடுக்க வேண்டும். அவள் வேறெதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கல்லூரியில் அந்தப் புராஜெக்ட் வந்தது. உடையக்கூடிய பொருளை வெளியூருக்கு அனுப்ப ஒரு பெட்டி செய்ய வேண்டும். தெர்மாகோல் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, அட்டையும் காகிதமும் பசையும்தான். கடைசியில் ஒரு நிஜமான பொருளைப் பெட்டியில் வைத்துச் சாதாரண பார்சலில் அனுப்ப வேண்டும். வாங்குகிறவர் அதை வீடியோவில் வகுப்புக்கு முன்னால் பிரித்துக் காட்ட வேண்டும். உள்ளே உடைந்திருந்தால் ஃபெயில். மேடம் இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பே டமாரைத் திரும்பிப் பார்த்தது. எந்தக் குழு இவளைக் கட்டிக்கொண்டு அழப்போகிறதோ என்ற பார்வை அது.

அளவுகோல் குழுவுக்குத்தான் அந்த யோகம் அடித்தது. அளவுகோல் என்றால் எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத பையன். சாப்பாட்டு டப்பாவைக்கூட மேஜை விளிம்புக்கு நேராகத்தான் வைப்பான். குழுவில் இன்னொருத்தன் பசை. எப்போது பார்த்தாலும் விரலெல்லாம் பசை, பேச ஆரம்பித்தாலும் விடமாட்டான். பெட்டியைப் போட்டுப் பார்க்க டமார் வீட்டில் உள்ளேயே மாடிப்படி இருந்தது, தெருமுனையில் பார்சல் ஆபீஸ் இருந்தது. அதனால் வேலை எல்லாம் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது.

"நீ எழுதிக்கோ, போதும். எதையும் தொடாதே" என்றான் அளவுகோல். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். அம்மா டீ கொண்டுவந்தாள். பையன்கள் இரண்டு பேருக்கும் பூப்போட்ட கண்ணாடிக் கோப்பை, டமாருக்குத் தலையில்லாத வாத்து. பசை அதைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் டீயைக் குடித்தான். அந்தப் பசைக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி தயாரானது. உள்ளே கல்லூரி கொடுத்த கண்ணாடித் தம்ளர்களை வைத்து, அளவுகோல் இரண்டு கையாலும் பிடித்து, மாடிப்படியில் நின்று தோள் உயரத்திலிருந்து கீழே விட்டான். பெட்டி சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைபோல அப்படியே படிந்து இறங்கியது. எத்தனை முறை போட்டாலும் ஒரு கீறல் இல்லை. சந்தோஷமாக அக்கா முகவரிக்கு ஒரு வெள்ளோட்டம் அனுப்பினார்கள்.

அக்கா போன் செய்தாள். "ஏன்டீ, கண்ணாடித் தூள் அனுப்பறதுக்கு இவ்வளவு அழகா ஒரு பெட்டியா?"

பசை பார்சல்காரர்களைத் திட்டித் தீர்த்தான். பெட்டியைப் பந்தாடியிருப்பார்கள் என்றான். மேடம் கேட்டுவிட்டு, "அவங்க மாறமாட்டாங்க. பெட்டியை மாத்துங்க" என்று போய்விட்டார். அளவுகோல் அதே மாதிரி இன்னொரு பெட்டி செய்து, தம்ளர்களை வைத்து, மறுபடி அளந்தான், மறுபடி போட்டான். மறுபடி எல்லாம் சரியாகவே இருந்தது. அவனுக்குத் தலை சுற்றியது.

அன்று சாயங்காலம் தம்ளர்களோடு அந்தப் பெட்டியை மாடியறையில் வைக்க வேண்டியிருந்தது. பையன்கள் இருவரும் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். டமார் தானே எடுத்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில், அக்காவின் குரல் போனில் கொஞ்சம் வாடியிருந்ததே என்று சொல்ல அம்மா பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான். பெட்டி ஒரு படியில் மூலை இடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த படியின் விளிம்பில் மோதி, படிப்படியாக உருண்டு அளவுகோலின் காலடியில் போய் நின்றது.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தான். பிரித்தவன் திட்டவில்லை. போனை எடுத்து உடைந்த தம்ளர்களை அக்கா எடுத்து அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தான். அதே மூலை, அதே இடத்துத் தம்ளர்கள், விளிம்பிலிருந்து இறங்கிய அதே விரிசல்.

"டமார், இன்னொரு தடவை போடு" என்றான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்தாள். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. "நான் போட்டா அது ஒழுங்கா விழுது. ஊர்ல யார் ஒழுங்கா கீழ போடறாங்க? உன்னை மாதிரிதான் போடுவாங்க."

அவள் படியேறி, பெட்டியை நீட்டிப் பிடித்து, விட்டாள். பெட்டி சமர்த்தாகப் படிந்து விழுந்தது. இன்னொரு முறை போட்டாள், அப்போதும் அப்படித்தான். போட வேண்டும் என்று நினைத்துப் போட்டால் அவளுக்கும் வரவில்லை. பிறந்ததிலிருந்து தானாக வந்த வித்தை, கேட்டபோது கைவிட்டுவிட்டது. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பெட்டியை அவள் கையில் கொடுத்து, தோளில் ஒரு பையை மாட்டி, அக்காவைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். பின்னாலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வீடு அதிர்ந்தது. அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு வந்து நிற்பாள், பார்ப்பாள், உள்ளே போவாள். ஒவ்வொரு முறையும் டமாரே உட்கார்ந்து பிரித்தாள். எந்த மூலை நசுங்கியது, எந்தத் தம்ளர் எதை முட்டியது என்று தடவித் தடவிப் பார்த்தாள். பொருள் எந்தச் சுவரையும் தொடக் கூடாது என்று முதலில் புரிந்துகொண்டவள் அவள்தான். கீறி ஒன்றில் ஒன்று செருகிய அட்டைகளுக்கு நடுவில் பொருள் தொங்குகிற மாதிரி வைத்தார்கள். மூலைகளில் மடித்த அட்டைகளை அடுக்கினார்கள், அடி விழுந்தால் முதலில் அவை நசுங்கட்டும் என்று. கடைசியில் ஒருநாள் தம்ளர் உடைவது நின்றே போனது.

அனுப்ப வேண்டிய கடைசி நாள் வந்தது. அளவுகோல் ஒரு பீங்கான் பூச்சாடி வாங்கி வந்திருந்தான். பார்சல் ஆபீஸ் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான். அவசரத்தில் தரையில் கிடந்த காகித டேப்பில் அவன் கால் சிக்கியது.

சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள். "டமார், என்னடி போட்டே?"

"நான் இல்லம்மா" என்றாள் டமார். வாழ்க்கையில் முதல் முறையாக அதைச் சொல்கிறாள். அறையின் இன்னொரு கோடியில் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தாள், பாவம். அளவுகோல் சில்லுகளுக்கு நடுவில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான்.

அம்மா வந்து பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அலமாரி உச்சியிலிருந்து நீல ஜாடியை எடுத்து, முந்தானையால் தூசி துடைத்தாள். அளவுகோல் பதறி எழுந்து இரண்டு கையையும் நீட்டினான்.

"உன்கிட்ட இல்ல தம்பி" என்றாள் அம்மா. "அவகிட்ட."

டமார் கத்தரிக்கோலோடு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "வேண்டாம்மா. உடைஞ்சா என்ன பண்றது? அக்காவுக்குன்னு வச்சிருக்கே."

"அக்காவுக்குத்தானே போகுது. இத்தனை நாளா நீ எதுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன்னு நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பிடி, எனக்குக் கை வலிக்குது."

அவள் பிடித்தாள். நீலம் எவ்வளவு அழகு என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. யார் பக்கமும் திரும்பவில்லை. கண்ணில் நீர் கட்டி ஜாடி இரண்டாகத் தெரிந்தது, அப்போதும் திரும்பவில்லை. மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கி, அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகி, மூடினாள்.

பார்சல் போய்ச் சேரும்வரை அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அம்மாவும்தான், ஆனால் ஒத்துக்கொள்ளமாட்டாள். வகுப்பில் மேடம் வீடியோவைப் பெரிய திரையில் போட்டார். அக்கா பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். ஒரு மூலை அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. பசை கண்ணை மூடிக்கொண்டான். அக்கா டேப்பை வெட்டி, அட்டைகளை எடுத்து, கையை உள்ளே விட்டாள். விட்டவள் அப்படியே நின்றாள்.

"இதுவா?" என்றாள். "அம்மா இதையா உன்கிட்ட கொடுத்தாங்க?"

ஜாடி வெளியே வந்தது. முழுசாக வந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டு அக்காவின் கன்னமெல்லாம் நீலமாக இருந்தது. வகுப்பு கைதட்டியது. டமாருக்கு எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடினாள். அம்மாவுக்கு அக்கா முன்பே சொல்லியிருக்க வேண்டும், மூக்கு சிவந்திருந்தது. "வந்துட்டியா, உட்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயை வைத்தாள். பூப்போட்ட கண்ணாடிக் கோப்பையில்.

"என் கப் எங்கம்மா?"

"ஸ்பூன் போட இடம் இல்ல. அதுல போட்டுட்டேன்."

ஜன்னலோரம் தலையில்லாத வாத்து கரண்டிகளைச் சுமந்துகொண்டு நின்றது.

அந்தக் கோப்பை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்பாவிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள், அவ்வளவுதான். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "நகராதே, கால்ல குத்தும்" என்று திட்டிக்கொண்டே சில்லுகளைக் கூட்டி எடுத்தாள். டமார் தானே போய்க் கரண்டிகளைக் கொட்டிவிட்டு ஆரஞ்சுக் கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை எழுந்து வந்தபோது கரண்டிகள் மறுபடி அந்தக் கப்பில் இருந்தன. மேஜையில் அவளுடைய டீ இன்னொரு கண்ணாடிக் கோப்பையில் ஆறிக்கொண்டிருந்தது.