மிளகுக் கஷாயமும் என் இருமலும்

எங்கள் திருச்சபைப் பாடகர் குழுவில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசையின் முதல் இடம் என்னுடையது. மணமாகித் தாம்பரம் வந்த ஆண்டிலிருந்து அங்கே நின்றுதான் பாடினேன். போன ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் ஓர் இருமல் அந்த இடத்தைப் பறித்தது. இருமலும் அதற்கு வாய்த்த வைத்தியமும் சேர்ந்து பறித்தன என்பதே சரி.

சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, வறட்டு இருமல். ஒத்திகைக்கு வரும்போதெல்லாம் மேல்குரல் பாடும் சோப்ரானோ வரிசைக்காரி ஒருத்தி பிளாஸ்க்கில் மிளகுக் கஷாயம் கொண்டுவந்து நீட்டுவாள்.

"குடிங்கக்கா. தொண்டை எரியணும், அப்பதான் கேக்கும்."

எரிந்தது. குடித்தேன். வீட்டிலும் படுக்கும் முன் சூடாக மிளகு ரசம். இருமல் கூடக் கூட மிளகையும் கூட்டினோம்.

பக்கத்துத் தெரு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார், சளியைச் சோதித்தார், சிரப்பை மாற்றி மாற்றி எழுதினார். "ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கான், டஸ்ட் அலர்ஜிதான்" என்றார். எப்போது இருமுகிறேன் என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் துல்லியமாகச் சொல்லியிருப்பேன்: சாப்பிட்டதும், குனிந்தால், படுத்தால்.

அதற்குள் குழுத் தலைவர் வந்து, "அக்கா, கொஞ்ச நாள் கீழ உக்காருங்க. இருமல் மைக்ல விழுது" என்று சொல்லிவிட்டார். ஈஸ்டர் பாட்டைச் சபையோடு உட்கார்ந்து கேட்டேன்.

மேடவாக்கத்தில் பார்த்த பெண் மருத்துவர்தான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டார். என்னென்ன குடிக்கிறேன் என்பதையும் கேட்டுவிட்டு, வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறுகிறது என்றார்.

"எனக்கு நெஞ்செரிச்சலே இல்லையே, டாக்டர்?"

"எல்லாருக்கும் எரியாதும்மா. சில பேருக்கு இருமல் மட்டும்தான் வரும். முதல்ல அந்தக் கஷாயத்த நிறுத்துங்க."

மாத்திரை, சீக்கிரமே இரவுச் சாப்பாடு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை. இருமல் அடங்க மாதங்கள் ஆயின.

ஒத்திகைக்குத் திரும்பியதும் விஷயத்தைச் சொன்னேன். கஷாயக்காரி சிரித்தாள்.

"கேஸ் டிரபிளா? வாயக் கட்டியிருந்தா போயிருக்குமே! நாங்க ஆஸ்துமான்னு எவ்ளோ ஜெபம் பண்ணோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நோய் நெஞ்சில் என்றால் ஜெபம், வயிற்றில் என்றால் கேலி!

"வாயக் கட்டலதான். நீ குடுத்ததெல்லாம் குடிச்சேன்ல?" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"எதுக்கும் பின் வரிசையில நில்லுங்கக்கா, ஒரு சேஃப்டிக்கு" என்றார் தலைவர்.

வரிசையின் முதலில் இருந்த என் பழைய இடத்துக்கே போனேன். அங்கே நின்றிருந்த பெண் நகர்ந்து வழிவிட்டாள். கீழ் ஸ்வரத்தில் குரல் கரகரத்தது. கரகரத்தபடியே பாடினேன்.