வீட்டுக்கு அடியில் நிலக்கரி

மண்ணரை நிறுத்தத்தில், டீக்கடையோரம் பேருந்துக்காக நிற்கிறேன். எதிரே சாயப்பட்டறைப் புகை பனியோடு கலந்து, தூக்கத்தில் நடப்பதுபோல் போகிறது. அங்கே பாய்லருக்கு நிலக்கரி அள்ளும் ஜார்க்கண்ட்காரர் என் பக்கத்தில் டீ குடிக்கிறார்.

“கரி வெட்டுறது எங்க ஊருங்க. எரிக்கறது இங்க. பனியன் போடறது வெளிநாட்டுக்காரங்க. புகை மட்டும் யாரு கணக்குங்க?”

“என்ற கணக்குதான் தம்பி. காயப்போட்ட சேலையைப் பாரு!” என்கிறார் கடைக்கார அக்கா.

ஜார்க்கண்ட்காரர் சிரிக்கிறார். பிறகு என்னிடம் மெதுவாக, “சுரங்கம் எங்க ஊட்டுக்கிட்ட வந்துருச்சுங்க. ஊட்டுக்கு அடியிலயும் கரிதான். அம்மா காலி பண்ணமாட்டேங்குது,” என்கிறார்.

பட்டறைச் சங்கு ஊதுகிறது, அவர் உள்ளே போகிறார்.

கொஞ்ச நேரத்தில் புகை கருத்து எழுகிறது. யாருடைய வீடோ மெல்ல மேலே போவதுபோல் இருக்கிறது.