லேபிள் சுரண்டிய டப்பா

நாய் விஷயத்தில் பல்கியாவிடம் வாய் கொடுத்தவர்கள் சுலபத்தில் மீண்டதில்லை. அல்மாட்டி நகரத்தில் அவளிடம் நாய்ப் பலகாரம் வாங்குகிறவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். டீ குடிக்கும்போது நாய் மூஞ்சியைப் பார்க்குதே என்று ஒரு சாக்லேட் வில்லை கொடுத்தேன், ஒன்றே ஒன்றுதானே என்று ஒரு பெண் போனில் இழுத்தபோது பல்கியா கேட்டாள்: "ஒண்ணே ஒண்ணுதானேன்னு உங்க பிள்ளைக்கு ஒரு சொட்டு எலி மருந்து ஊத்துவீங்களா?" அந்தப் பெண் ஒரு மாதம் போன் பண்ணவில்லை. பிறகு வந்துவிட்டாள். வராமல் எங்கே போவாள், நாய் வேறு எதையும் தொடாதே.

பதினெட்டு வருஷம் பள்ளிக்கூட கேண்டீனில் கஞ்சி கிளறியவள் பல்கியா. கேண்டீனைக் குத்தகைக்கு விட்டபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அந்தக் குளிர்காலத்தில் கீழ்வீட்டு சோயா ல்வோவ்னாவின் கிழட்டு நாய் சாப்பிடாமல் கிடந்தது. பாவம் பார்த்து, பூசணியை வேகவைத்து மசித்து, ஓட்ஸ் மாவும் முட்டையும் சேர்த்து, விரல்நுனித் தேன் தொட்டு, சின்னச் சின்ன நட்சத்திரமாக வெட்டி அடுப்பில் வாட்டிக் கொடுத்தாள். படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது. அப்படி ஆரம்பித்த தொழில். எது ஆகும், எது ஆகாது என்று மிருக வைத்தியர்களை விடாமல் நச்சரித்துத் தெரிந்துகொண்டாள். இனிப்பு பூசணியிலிருந்தும் ஆப்பிளிலிருந்தும் வரவேண்டும், சர்க்கரை டப்பாவிலிருந்து வரக்கூடாது என்பது அவள் சட்டம். ஒவ்வொரு ஈட்டிலும் முதல் நட்சத்திரத்தை அவளே கடித்துப் பார்ப்பாள். மகள் தானா ஒரு லேபிள் அடித்துக் கொடுத்தாள். நாக்கைத் தொங்கப்போட்ட ஒரு நாய்ப் படம், அதன் கீழே கொட்டை எழுத்தில்: கிஸ்மிஸ் இல்லை. சாக்லேட் இல்லை. பல்லுக்கு நல்லது என்று விற்கிற சைலிட்டால் சர்க்கரை இல்லை.

இவ்வளவு வீராப்பு பேசுகிறவள் சம்பந்தி வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

தானாவைப் பெண் கேட்டு ஷிம்கெந்த் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உல்துகான் பெரிய மனுஷி. நடையிலேயே அது தெரியும். நீங்க என்ன செய்யறீங்க சம்பந்தி என்று அவள் கேட்டாள். தரையில் விழுந்த ரொட்டித் துணுக்கை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிற ஜனம். நாயை வாசற்படி தாண்ட விடாத ஜனம். அவர்களிடம் போய், மாவு பிசைந்து நாய்க்குப் பலகாரம் சுடுகிறேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? "பலகாரம் செய்யறேன். கல்யாணம் காட்சிக்கெல்லாம்," என்றாள் பல்கியா. சொன்ன கணமே காது சூடாகியது. சொல்லிடும்மா, இதுல என்ன இருக்கு என்று தானா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். சொல்றேன், சொல்றேன் என்றே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள் பல்கியா.

பிறகு பேரன் பிறந்தான். நாற்பதாம் நாளுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. பிள்ளைக்கு முதலில் போட்ட சட்டையை அன்றைக்குக் கழற்றுவார்கள். நாய்ச் சட்டை என்றே அதற்குப் பெயர். அதில் இனிப்பை முடிந்து நாயின் கழுத்தில் கட்டி ஓடவிடுவார்கள். தெருப் பிள்ளைகள் துரத்திப் பிடித்துப் பங்கு போட்டுக்கொள்ளும். முடிச்சுப் போடுகிற உரிமையைப் பெண்ணைப் பெற்றவளுக்கே விட்டுத்தருவதாக உல்துகான் பெருந்தன்மையாகச் சொல்லியனுப்பியிருந்தாள்.

பல்கியா யோசித்துத்தான் செய்தாள். ஓடுகிற ஓட்டத்தில் முடிச்சு அவிழ்ந்து நாய் தின்றுவிட்டால்? அதனால் முடிச்சுக்கென்று ஒரு டப்பா நிறையப் பூசணி நட்சத்திரம் சுட்டாள். பிள்ளைகள் தின்றாலும் நல்லது, நாய் தின்றாலும் நல்லது. விருந்தாளிகளுக்கென்று கடையில் ஒரு பெரிய பெட்டி வாங்கினாள். கறுப்புச் சாக்லேட்டில் முக்கியெடுத்த கிஸ்மிஸ். எல்லாம் சரிதான். ஆனால் கிளம்புகிற அன்று காலையில் டப்பாவின் லேபிளைப் பார்த்தாள். நாக்கைத் தொங்கப்போட்ட நாய் அவளைப் பார்த்துச் சிரித்தது. டப்பாவை வெந்நீரில் நனைத்து, ஒரு எழுத்து மிச்சமில்லாமல் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

சம்பந்தி வீட்டு முற்றத்தில் கூட்டம் நெரிந்தது. இந்தச் சடங்குக்கு ஓடமாட்டாத ஏதாவது ஒரு சோம்பேறி நாயைத்தான் பிடித்து வருவார்கள். மாப்பிள்ளையின் அப்பா செர்கெபாய் கேட்கவில்லை. என் பேரன் காற்றாய்ப் பறக்க வேண்டும், சுங்கர்தான் ஓடும் என்றுவிட்டார். சுங்கர் அவருடைய வேட்டைநாய், தாஸி இனம். எலும்பும் தோலுமாகத் தெரியும்; ஓட விட்டால் முயல் தோற்றுவிடும். குட்டியாக இருந்தபோது தன் கோட்டுக்குள் வைத்து வளர்த்தவர். அவர் தொண்டையைச் செருமினால் போதும், அது வந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொள்ளும். பல்கியாவின் கையையும் வந்து முகர்ந்தது. நட்சத்திர வாசனையைப் பிடித்துவிட்டது போல வாலை ஆட்டியது.

பல்கியா பையிலிருந்து இரண்டையும் எடுத்து வைத்தாள். எது எதற்கு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உல்துகான் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். "சம்பந்தி கைப்பட செஞ்சது. இதப் போயி நாய் கழுத்துல கட்டறதா?" என்று சொல்லி, நட்சத்திரங்களை வெள்ளித் தட்டில் குவித்து, விருந்து விரிப்பின் நடுவில் பெரியவர்களுக்கு முன்னால் வைத்தாள். கடைப்பெட்டியைப் பல்கியாவின் மடியில் தள்ளினாள். "கடைச் சரக்கு நாய்க்குப் போதும்."

இப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். எப்படித் தெரியும் என்று கேட்பார்களே, அந்த ஒரு கேள்விக்குப் பயந்தாள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய் மென்று முழுங்கியது. பிள்ளைகள் எப்படியும் பிடித்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன் கையாலேயே சட்டையில் கொட்டி முடிந்தாள். முடிச்சைக் கொஞ்சம் இறுக்கியே போட்டாள். அதைத்தான் அவளால் செய்ய முடிந்தது.

சுங்கரைப் பிடிக்கிற பிள்ளை இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். மண்சுவரை ஒரே தாண்டாகத் தாண்டி அது நாணல்காட்டுக்குள் போய்விட்டது. கால் மணி நேரம் கழித்து ஒரு சிறுமி நாணலுக்குள்ளிருந்து வெறும் சட்டையைக் கொண்டு வந்தாள். கிழிந்து எச்சிலாகக் கிடந்த அதில் ஒரு மிட்டாய்கூட இல்லை. வீடே சிரித்தது. பேரன் கெட்டிக்காரன், யாருக்கும் பங்கு தரமாட்டான் என்றார் ஒருவர். பல்கியாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

உள்ளே நட்சத்திரங்கள் சக்கைப்போடு போட்டன. பல்லில்லாத பெரியவர் தோலெகென் ஒன்றன்பின் ஒன்றாக வாயில் போட்டு ஊறவைத்தார். ஈறுக்கு இதமா இருக்கும்மா, சர்க்கரையே போடலியா என்று கேட்டார். உடம்புக்கு ஆகாது என்றாள் பல்கியா. யார் உடம்புக்கு என்று சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் உல்துகான் பக்குவம் கேட்டாள். பூசணி என்று ஆரம்பித்தாள் பல்கியா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அவள் நட்சத்திரத்தில் மறைத்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைத்துவிட வேண்டும். எத்தனை பேருக்குப் போனில் கத்தியிருப்பாள் அதை.

ஒரு மணி நேரம் ஆனபோது கை கழுவுகிற சாக்கில் வெளியே வந்தாள். சுங்கர் கொட்டகை நிழலில் படுத்திருந்தது. கடைவாயில் எச்சில் ஒழுகியது. அவளைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்து, கால் நடுங்கி, மறுபடி படுத்துக்கொண்டது. அவள் பக்கத்தில் குந்தி அதன் தலையில் கை வைத்தாள். அப்போது உள்ளிருந்து, சம்பந்தி, டீ ஆறுது என்று குரல் வந்தது. பல்கியா எழுந்து உள்ளே போய் டீ குடித்தாள். மனுஷியா நீ என்று அவளை யாரும் கேட்கவில்லை. பிற்பாடு அவளேதான் கேட்டுக்கொண்டாள்.

இரண்டு மணி நேரமும் தாண்டிய பிறகுதான் செர்கெபாய் நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். வாசற்படி தாண்டக்கூடாத நாயை அவரே உள்ளே கொண்டுவந்து விருந்து விரிப்பின் ஓரத்தில் கிடத்தினார். அது வெட்டி வெட்டி இழுத்தது. கண்ணேறு பட்டுவிட்டது என்றாள் ஒருத்தி. கிராமத்து ஆட்டு வைத்தியர் போனில், என்ன தின்றது என்று கேட்டார். மிட்டாய்தான் என்றார் செர்கெபாய். மிட்டாய் ஒண்ணும் பண்ணாது, காலையில பாக்கலாம் என்றது போன்.

"காலை வரைக்கும் தாங்காது," என்றாள் பல்கியா. எல்லாரும் திரும்பினார்கள். "அது சாக்லேட்டும் கிஸ்மிஸும். நாய்க்கு ரெண்டுமே விஷம். உடனே ஷிம்கெந்துக்குக் கொண்டுபோங்க. பெட்டியையும் எடுத்துட்டுப் போங்க."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் உல்துகான்.

இரண்டு வருஷமாகப் பயந்த கேள்வி கடைசியில் வந்தேவிட்டது. "நான் மனுஷங்களுக்குப் பலகாரம் செய்யறதில்ல சம்பந்தி. நாய்க்குத்தான் செய்யறேன். நீங்கல்லாம் சாப்பிட்டீங்களே, அது நாய்க்காகக் கொண்டுவந்தது."

யாரோ கையிலிருந்த பாதி நட்சத்திரத்தைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார்கள். தானா தலையைக் குனிந்துகொண்டாள். செர்கெபாய் மட்டும் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டவர் வாசலில் நின்றார். "எப்பத் தெரியும் உங்களுக்கு, சம்பந்தியம்மா?"

"முடிச்சுப் போடும்போதே தெரியும்," என்றாள் பல்கியா.

அவர் திட்டியிருந்தாலும் தேவலை. காரைக் கிளப்பிக்கொண்டு போனார். நாலு நாள் மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை. ஐந்தாம் நாள் சுங்கர் செத்துப்போனது. அல்மாட்டிக்குத் திரும்பிவிட்ட பல்கியாவுக்குத் தானாதான் போனில் சொன்னாள். அன்றைக்குப் பல்கியா ஈடு போடவில்லை. போனையும் எடுக்கவில்லை. யாரைத் திட்டுகிற யோக்கியதை இருக்கிறது தனக்கு என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வசந்தத்தில் உல்துகான் போன் பண்ணினாள். பல்கியா எழுந்து நின்றுகொண்டுதான் பேசினாள். இனி பேரனைப் பார்க்க வரவேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள். ஆனால் உல்துகான் கேட்டது வேறு. "தோலெகென் பெரியவரு அந்த நட்சத்திரம் வேணும்னு உயிர வாங்கறாரு. நாய்ப் பலகாரம்தான் பெரியவரேன்னு சொல்லிட்டேன். இருக்கட்டுமே, நாய்க்கு மட்டும் வாய் இல்லியாங்கறாரு. ஒரு டப்பா அனுப்பு." இதுக்கா மறைச்சே சம்பந்தி என்றும் கேட்டாள். நம்ம ஆளுங்க வேட்டைநாய்க்குக் கறி ஊட்டி வளத்தவங்க, இதுல என்ன கேவலம் என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எதற்கு வெட்கப்பட்டாளோ அதை யாருமே பொருட்படுத்தவில்லை. வெட்கப்பட வேண்டியதைச் செய்தபோது வெட்கமே வரவில்லை.

ஈடு போட்டாள். முதல் நட்சத்திரத்தைக் கடித்துப் பார்த்தாள். டப்பாவை நிரப்பி, மூடி, லேபிளை எடுத்து ஒட்டினாள். ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

டப்பா போய்ச் சேர்ந்த அன்று தானா போனில் பேசினாள். குழந்தை தவழ்வதைச் சொன்னாள், பெரியவர் சந்தோஷத்தைச் சொன்னாள். செர்கெபாய் என்ன சொன்னார் என்று கேட்டாள் பல்கியா. தானா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "டப்பாவைக் கையில வாங்கி, அந்த லேபிளை முழுசாப் படிச்சாரும்மா. ரெண்டு தடவை படிச்சாரு. இது அன்னிக்கு எங்க போச்சுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"தெரியலன்னு சொன்னேன்."

அவர் பக்கத்தில் இருந்தால் போனை அவரிடம் கொடு, நானே சொல்கிறேன் என்றாள் பல்கியா.