டெமோ கிளாஸ் எட்வின் அண்ணன்

சிறுசேரி அலுவலகத்தில் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது எட்வின் அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா போனில் கூப்பிட்டார். "மீனா, உங்க அண்ணன் போயிட்டாரும்மா. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." டப்பாவை மூடிவிட்டுத் தாம்பரத்துக்குக் கிளம்பினேன்.

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற அத்தனை பேருக்கும் எட்வின் அண்ணனைத் தெரியும். ஆனால் ஒருவராலும் அவரைத் தன் மாணவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வேலை பார்த்த தோல் கம்பெனியை மூடியதும், ஐம்பது வயதில், வெப் டெவலப்பர் ஆகப்போகிறேன் என்று கிளம்பியவர். எதில் சேரலாம் என்று பார்க்க ஒவ்வொரு சென்டரின் இலவச டெமோ கிளாஸிலும் உட்காருவார். டீயும் பிஸ்கட்டும் தருவார்கள். சாப்பிட்டுவிட்டு, "வூட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்று வந்துவிடுவார். அப்படியே வருஷங்கள் ஓடின. "கம்ப்யூட்டருக்குப் பத்து பாஷையில வணக்கம் சொல்லத் தெரியும்மா எனக்கு. அடுத்த வார்த்தை ஒண்ணுத்துலயும் தெரியாது" என்பார். மனிதருக்கு அதில் வெட்கமே கிடையாது.

நானும் அவரை ஒரு டெமோவில்தான் பார்த்தேன். என் கணவருக்கு வேலை போயிருந்தது. குழந்தைக்காக வீட்டில் இருந்த நான் மறுபடி சம்பாதித்தே ஆகவேண்டும். கேட்ட இடமெல்லாம் ஃபுல் ஸ்டாக் தெரியுமா என்றார்கள். திரையில் தெரிகிற பக்கத்தையும் கட்டவேண்டும், அதற்குப் பின்னால் ஓடுகிற வேலையையும் பார்க்கவேண்டும். எதில் தொடங்குவது? ஒருவர் முன்பக்கம் என்றார், ஒருவர் பின்பக்கம் என்றார். நாத்தனார் மகன், "ஏஐ வந்துடுச்சு அத்தை, எதையும் படிக்காதீங்க" என்றான்.

எல்லாச் சென்டரையும் பார்த்தவர் என்று அண்ணனிடமே கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "எல்லா எடத்துலயும் ஈஸி சார், ஈஸி சார்னு டீ குடுத்தான். சானடோரியம் ஸ்டேஷன் கிட்ட மாடியில ஒரு டீச்சரம்மா கீறாங்க. டீ கெடையாது. உக்காந்தவுடனே, ஒரு ஃபாரம் கட்டுங்க, பேர் அடிச்சா உள்ள போய் சேர்ந்து திரும்ப வரணும், நீங்களே பண்ணுங்கன்னாங்க. பாத்ரூம் போறேன்னு சொல்லி ஓடியாந்துட்டேன். நீ அங்க சேரு."

"நீங்க ஏன் சேரலை?"

"சேர்ந்தா ஃபெயிலாவலாம். டெமோல எவனும் ஃபெயிலாவ மாட்டான்."

அதை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார்.

சேர்ந்தேன். சில வாரத்திலேயே, நான் கட்டிய ஃபாரம் அடித்த பெயரையெல்லாம் விழுங்கிவிட்டு சும்மா இருந்தது. எவ்வளவு தேடியும் பிடிபடவில்லை. வேறு கம்ப்யூட்டர் மொழி எடுத்திருக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. மறுநாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் குரோம்பேட்டையில் ஒரு டெமோவுக்குப் போனேன். முன்வரிசையில், கையில் பிஸ்கட்டோடு, எட்வின் அண்ணன்.

பாதி வகுப்பில் எழுந்தார். "நீ இங்க இன்னா பண்ற? எழுந்திரு. இது என் எடம்."

"சார், மேடம் ஜாயின் பண்ற மாதிரி இருக்காங்க" என்று அங்கிருந்த கவுன்சலிங் பெண் கெஞ்சினாள்.

"ரூம் மாறி வந்துட்டாங்கம்மா" என்று சொல்லி, என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சானடோரியம் மாடிப்படி வரை வந்தார். மேலே வரவில்லை. டீச்சரம்மாவிடம் அவ்வளவு பயம். சாயங்காலம் நான் இறங்கி வந்தபோது எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

"பேர் திரும்ப வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா."

என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். அந்தப் படிப்பில்தான் எனக்கு வேலை கிடைத்தது, என் வீட்டில் அடுப்பு எரிகிறது. இன்றும் புதிதாக ஏதாவது மொழி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடத்தான் மனசு பரபரக்கும். உடனே அவருடைய அதட்டல் கேட்கும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒன்றுதான்.

அன்று நான் தாம்பரம் போனபோது வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவர் போன் அடித்தது. ஸ்டெல்லா அக்கா என்னிடம் நீட்டினார். ஏதோ ஒரு சென்டரிலிருந்து ஒரு பெண். "சார், சனிக்கிழமை ஃப்ரீ டெமோ, வர்றீங்கல்ல?" விஷயத்தைச் சொன்னேன். "தங்கமான மனுஷன் மேடம்" என்றாள். கூடவே, பழக்கதோஷம், "நீங்க வேணா வர்றீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

"இல்லம்மா. அது அவர் எடம்."