மட்கார்டு பார்க்கும் ஃபெர்மீன்

மட்கார்டு கைக்கு வந்ததும் ஃபெர்மீன் அதைக் கவிழ்த்துவிடுகிறார். பளபளக்கும் முகப்பில் அவருக்கு அக்கறை இல்லை. உள்பக்கத்தில் கண்ணாடி நார் விரிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் விதத்தை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். மூலை மடிப்பில் நகத்தை விட்டு நோண்டுகிறார். மூக்கை ஒட்டி வைத்து மோந்து, பிசின் நெடி ஏறினால் "இன்னும் வேகல" என்று கீழே வைத்துவிடுகிறார். நெடி இல்லையென்றால் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார். பெயிண்ட் அடிக்காத ஃபைபரில் வெளிச்சம் ஊடுருவும். மெலிசான இடம் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். கடைசியாக விரல் முட்டியால் இரண்டு தட்டு. அதற்குள் விற்க வந்தவருக்கு வியர்த்திருக்கும். பெண் பார்க்க வந்த இடத்தில்கூட யாரும் இவ்வளவு அடாவடி செய்ததில்லை என்று ஃபெர்மீனின் மனைவி நெலிடா சொல்வாள்.

ஃபெர்மீன் கீவிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. எல்லையோரப் பாலைவன ஊரான பிராலியில் வாய்க்கால் வேலை. ஆற்றிலிருந்து வரும் தண்ணீரை யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் என்று மதகு திறந்து விடுவதும் அடைப்பதும் வாரத்தில் ஐந்து நாள் பிழைப்பு. சனி, ஞாயிறு எங்கள் ஊரில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. பிக்கப் வண்டிகளை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்விடுவார்கள். அந்த மேடு பள்ளத்தில் சக்கரம் ஒரு முழம் மேலே ஏறி ஒரு முழம் கீழே இறங்கும். கம்பெனி போட்டுக் கொடுத்த தகர மட்கார்டு அதற்கு இடம் தராது. வெட்டி எறிந்துவிட்டு, அகலமாகவும் உயரமாகவும் வளைந்த ஃபைபர் மட்கார்டு போட வேண்டும். எத்தனை அங்குலம் வெளியே புடைத்தது, எந்தக் கடையில் வார்த்தது என்பதில்தான் ஆளாளுக்குத் தலை சுற்றும். அப்போது ஃபெர்மீனைக் கூட்டிப் போவார்கள்.

அவர் கடைக்காரர் அல்ல. கமிஷன் வாங்குவதில்லை. ஒரு தட்டு மாட்டிறைச்சி வறுவலும், போகவர வண்டியில் முன் சீட்டும் போதும். நிறம் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. "பெயிண்ட் உன் பாடு. எனக்கு வெள்ளையும் ஒண்ணுதான், வேற கலரும் ஒண்ணுதான்" என்பார். அது உண்மை. ஃபைபரில் தாள் கனம் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர், ஒரு காலில் கறுப்பும் ஒரு காலில் நீலமுமாகக் காலுறை மாட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போய் வருவார். சட்டை எடுத்துக் கொடுப்பது நெலிடாதான். அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதும் இருபத்தாறு வருடமாக நெலிடாதான். படிக்கிற முனை அவரிடம், பிடிக்கிற முனை அவளிடம்.

"டயர் மூணரை அங்குலம் வெளிய நீட்டுது, எத்தன அங்குலப் புடைப்பு வாங்கட்டும்?" என்று யாராவது போனில் கேட்டால் அவர் அளவைக் காதில் வாங்குவதே இல்லை. "சக்கரம் தரையில நின்னுச்சா, தொங்குச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டியில் முன்சக்கரம் கீழே தொங்கும். தொங்கும்போது உள்ளே ஒடுங்கும். தரையில் இறக்கினால் வெளியே விரியும். தொங்கும்போது அளந்து வாங்கியவன் இரண்டு அங்குலம் குறைச்சலாக வாங்கிவிடுவான். பிறகு முதல் குழியிலேயே டயர் மட்கார்டைக் கடிக்கும். புதுப் பணக்காரர்கள், சான் டியாகோ நகரத்துப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், அவசரக்காரர்கள், எல்லாரும் செய்கிற தப்பு இது. ஃபெர்மீன் அவர்களை விட்டதே இல்லை. "மரத்துல தொங்கறவன் இடுப்ப அளந்து கால்சட்ட தைப்பியா? கீழ எறக்கு. பத்தடி முன்ன உருட்டு, பத்தடி பின்ன உருட்டு. வண்டி உக்காரட்டும். அப்புறம் டேப்ப எடு."

இப்படிப்பட்டவர் சொந்த மகளின் வண்டிக்கு மட்கார்டு எடுத்த கதையைச் சொல்லாமல் அவரைச் சொல்லி முடிக்க முடியாது.

மகள் மாரிக்ரூஸுக்கு இருபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். சென்ற ஆண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் சான் ஃபெலிப்பே பாலைவன வண்டிப் பந்தயத்தில், ஒரு பாறையில் இடித்துத் தகர மட்கார்டு உள்ளே மடிந்தது. மடிந்த விளிம்பு டயரைக் கிழித்தது. வண்டி இரண்டு முறை உருண்டது. தோள்பட்டை எலும்பில் தகடு வைத்து ஆறு திருகு முடுக்கியிருக்கிறார்கள்; படத்தை அவளே எடுத்து அவளே சிரித்துக்கொண்டு காட்டினாள். நெலிடாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மார்ச்சிலும் போகிறாளாம். "ஃபைபர் வந்தா நல்லது. வரலன்னா பழசையே சுத்தியால தட்டி நிமிர்த்திட்டுப் போவேம்மா" என்றாள். போவாள் என்பது நெலிடாவுக்குத் தெரியும். அந்தப் பிடிவாதம் யார் வீட்டு வழி என்றும் தெரியும்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. மலைக்கு அந்தப் பக்கம் எல் கஹோனில், ஃபெர்மீன் தட்டிப் பார்த்துத் தலையாட்டும் ஒரே பட்டறை, மாதம் ஒருமுறைதான் ஆர்டர் எடுக்கும். அன்று மாலையோடு கடைசி. வார்க்க ஏழு வாரம் ஆகும். வார்த்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வண்டியோ முன்பக்கம் முட்டுக் கொடுத்து நிற்கிறது. சக்கரத்தைத் தாங்கும் புதுக் கையும் ஸ்பிரிங்கும் மாட்டி முடிக்கவில்லை. காற்று மண்ணை வாரி இறைக்கிறது. போதாக்குறைக்கு இலாரியோ வேறு வந்து நிற்கிறார். மாரிக்ரூஸுக்கு ஞானத்தந்தை. ஆகவே அவரும் பெற்றவர்களும் ஒருவருக்கொருவர் 'கொம்பாத்ரே', உறவுமுறை. பிராலியில் அவர் காதில் விழுந்த சேதி எல்லை தாண்டி மெக்சிகாலிக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகாது.

"சீக்கிரம் அள கொம்பாத்ரே, கடைய மூடிருவான்" என்று அவர் விரட்ட, ஃபெர்மீன் குனிந்து டேப்பை நீட்டினார். நெலிடா மறுமுனையைப் பிடித்தாள். "மூணரை. நாலு அங்குலப் புடைப்பு போதும்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டார்.

நெலிடா லெட்டூஸ் கீரையைப் பெட்டியில் அடைக்கும் கொட்டகையில் தரம் பார்க்கிறவள். ஓடும் பட்டையில் ஒரு பழுத்த இலையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சக்கரம் தரையில் இல்லை என்பதையும் அந்தக் கண் பார்த்துவிட்டது. வாயைத் திறந்தாள். இலாரியோ பல்லைக் குத்திக்கொண்டு நின்றிருந்தார். ஊர் முழுக்க இந்த ஒரு தப்புக்காகத் திட்டித் தீர்த்த மனிதரை, ஊர் வாயின் முன்னால், பெண்டாட்டி திருத்துவதா? திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு சொல்லிக்கொள்ளலாம், ராத்திரி சொல்லலாம் என்று நினைத்தாள். ஆனால் சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? சந்தேகம் இருக்கிறது, அளவு இல்லை. இத்தனை வருடம் அளந்தவரிடம் வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பேச முடியாது.

புதன்கிழமை வண்டி கீழே இறங்கியது. வியாழன் ஃபெர்மீன் வாய்க்காலுக்குப் போனதும், அவள் கொட்டகைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, வண்டியை முற்றத்தில் பத்தடி முன்னே, பத்தடி பின்னே ஓட்டி நிறுத்தினாள். டயரில் காற்றுப் பார்த்தாள். மட்டப்பலகையை டயரின் வெளிப்பக்கம் செங்குத்தாக நிறுத்தி, டேப்பின் முனையைத் தகரத்தில் காந்தத்தால் ஒட்டி, வாழ்க்கையில் முதல் முறையாகப் படிக்கிற முனையைத் தானே படித்தாள். ஐந்தரை. அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தாள். ஐந்தரை. பட்டறைக்குப் போன் போட்டாள்.

போனை எடுக்கும் டோரீனுக்கு ஃபெர்மீனை நன்றாகத் தெரியும். "அவரு ஆர்டர மாத்தணுமா? இன்னும் வார்ப்புக்குப் போகல, மாத்தலாம். நீங்க யாரும்மா?"

"டேப்போட அந்த முனைய பிடிக்கிறவ. ஆறு அங்குலமா போடுங்க. அவர்கிட்ட ஒண்ணும் கேக்க வேணாம். நானே சொல்லிக்கறேன்."

சொல்லவில்லை. அவர் திட்டை அவர் மேலேயே திருப்ப மனம் வரவில்லை. ஏழு வாரம் அவளுக்கு நிம்மதி இல்லை. ஒரு நாள் தன் அளவு சரி என்று தோன்றும். மறுநாள், அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது என்று சந்தேகம் வரும். அவள் கணக்கு தப்பினால் திருத்த நாள் இல்லை. மகள் அந்தப் பழைய தகரத்தோடு போய்விடுவாள்.

மட்கார்டை எடுத்துவரப் போவதற்கு முந்தின நாள் மதியம் இலாரியோ வீட்டுக்கு ஃபெர்மீன் போயிருந்தார். இலாரியோவும் புது மட்கார்டு வாங்கும் ஆசையில் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, டேப்போடு குனிந்திருந்தார். ஃபெர்மீனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. "ஏன்யா, இத்தன வருஷம் என்கூட சுத்தி என்னய்யா கத்துக்கிட்ட? சக்கரம் தொங்குது பாரு! மரத்துல தொங்கறவன் இடுப்ப..."

அதோடு நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்ததாம். "ஈ போயிட்டு வந்திருக்கும்" என்று இலாரியோ பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார், காரணம் தெரியாமலே.

வீட்டுக்கு வந்தவர் தொப்பியைக் கழற்றாமல் மேஜை முன் உட்கார்ந்தார். நெலிடா முட்டையும் உலர்ந்த இறைச்சியும் வதக்கி, சூடாகத் தொர்த்தியா ரொட்டி வைத்தாள். தொடவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"கெழவா, உடம்புக்கு என்ன?"

"தொங்கும்போது அளந்துட்டேன்டி." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "நானு. பெத்த பொண்ணு வண்டிக்கு. நாலு அங்குலம் வந்து நிக்கப் போவுது. அவ அந்தத் தகரத்தோட போவா. போன வருஷம் மாதிரி..."

நெலிடாவால் அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஆறு வருது" என்றாள்.

"என்ன?"

"நான் மாத்திட்டேன். எறக்கின மறுநாளே அளந்து, டோரீனுக்குப் போன் பண்ணிட்டேன்."

ஃபெர்மீன் தெரியாத ஆளிடம் கேட்பதுபோல் கேட்டார். "தரையில நிறுத்தியா?"

"தரையில."

"உருட்டினியா?"

"பத்தடி முன்ன, பத்தடி பின்ன."

"டயர்ல காத்து?"

"பாத்தேன்யா. எத்தன பேர நீ திட்டும்போது பக்கத்துல நின்னிருக்கேன்? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"கொம்பாத்ரே நின்னுக்கிட்டு இருந்தாரு."

அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தட்டை இழுத்து, ஆறிப்போனதை ஒரு வாய் விடாமல் தின்றார். இன்னும் இரண்டு தொர்த்தியா கேட்டார். அவருக்குப் போன உயிர் வந்துவிட்டது. நெலிடாவுக்கு இன்னும் வரவில்லை. மாட்டிப் பார்க்கும்வரை அது அவள் சொந்த அளவுதானே.

சனிக்கிழமை காலை முற்றத்தில் மாட்டினார்கள். ஃபெர்மீன் வழக்கம்போல் கவிழ்த்து, தடவி, மோந்து, தட்டித்தான் பானெட்டுக்குப் பக்கத்தில் பொருத்தினார். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பாலைவனத்தில் எவ்வளவு ஏறுமோ அவ்வளவுக்குச் சக்கரத்தை ஜாக்கியால் மேலே தள்ளினார். டயர் மட்கார்டுக்குள் போய் மறைந்தது. மாரிக்ரூஸ் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஒரு கோடிவரை ஒடித்தாள், மறு கோடிவரை ஒடித்தாள். நெலிடா உரசும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. ரப்பர் எங்கேயும் படவில்லை. அந்தப் பக்கமும் அப்படியே. "அம்மா, எங்கயும் தொடல!" என்று மகள் ஜன்னல் வழியாகக் கத்தினாள். அப்போதுதான் நெலிடா பெயிண்ட் டப்பா ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூக்கை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள்.

இலாரியோ சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எட்டிப் பார்த்தார். "எப்படி கொம்பாத்ரே இவ்வளவு துல்லியமா அளந்த? அன்னைக்கு அவசரத்துல குனிஞ்ச, நிமிந்த, அவ்வளவுதான். நான் பாத்துக்கிட்டுதானே நின்னேன்."

ஃபெர்மீன் டப்பாமேல் உட்கார்ந்திருந்த நெலிடாவை மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி வண்டிப் பக்கம் கூட்டிவந்தார். அளந்த அவள் கையை விரித்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நுழைத்து, இலாரியோ நன்றாகப் பார்க்கும்வரை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார்.