வாய் தவறிச் சொன்னேன், அம்மை கைவிடவில்லை

குற்றாலம் குழல்வாய்மொழி அம்மையை நம்பும் சகோதரிகளுக்கு, கடையத்திலிருந்து தென்காசிக்கு நர்சிங் படிக்க வந்த செல்வி எழுதுகிறேன்.

போன சாரல் சீசனில் எனக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி. அங்கே எனக்குப் பெயரே கிடையாது. "ஏ ஸ்டூடண்ட், இங்கன வா. ஸ்டூடண்ட், தள்ளி நில்லு." எல்லாரும் சேர்ந்து டீ குடிப்பார்கள், நான் சுவரோரம் நிற்பேன். தினமும் அழுகை. படிப்பையே விட்டுவிடலாம் என்றிருந்தேன். "தாயே, இவங்கள்ல ஒருத்தியா என்னைச் சேர்த்துவிடு" என்று கும்பிட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் பேச்சுக் கொடுக்க ஆசைப்பட்டு, "இன்னைக்குக் கேஸே இல்லல்லா சிஸ்டர்" என்றேன். அங்கே யாரும் சொல்லாத வார்த்தை அது. சொன்னால் கூட்டம் வந்துவிடும் என்பது நர்சுகளின் நம்பிக்கை, எனக்குத் தெரியாது. பொறுப்பு நர்ஸ் மரகதம் சிஸ்டர், "வாய வச்சுட்டியேட்டீ!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

டீ ஆறுவதற்குள், அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பம் ஆட்டோ கவிழ்ந்து வந்து சேர்ந்தது. ஓர் அக்காவுக்குத் தலையில் அடி. ஈரக் கூந்தலிலிருந்து ரத்தம் வழிந்தது. என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"செல்வி! அவங்க கண்ண மூட விடாத, பேசிக்கிட்டே இரு!" என்று மரகதம் சிஸ்டர் கத்தினார்.

என் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது! சந்தோஷம் பொங்கியது. அடுத்த நொடியே கூசிப்போனேன். ஓர் உயிர் போராடுகிறது, நான் என் பெயருக்குப் பூரிக்கிறேனே, பாவி! கேட்டது இவர் ரத்தத்திலா கிடைக்க வேண்டும்? "தாயே, எனக்கு இடம் வேண்டாம், இவரைக் காப்பாத்து" என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டே, அவருடைய ஊர், பிள்ளைகள், வைத்த குழம்பு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன்.

அம்மை கேட்டாள். ஸ்கேனில் உள்காயம் எதுவும் இல்லை, தையலோடு போயிற்று.

"என் வாயாலதான் சிஸ்டர். நான் ஊருக்கே போயிருதேன்" என்று அழுதேன். மரகதம் சிஸ்டர் என் கையில் டீயைத் திணித்தார்.

"ஏட்டி, ஒன் வாய்க்கு அம்புட்டுச் சக்தி இருந்தா எங்களுக்கு லீவு கெடைக்கும்னு சொல்லேன்! நானும் வந்த புதுசுல இதச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டவதான். குடி."

எல்லாரும் சிரித்தார்கள். அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

இப்போது நானும் அவர்களில் ஒருத்தி. ஆனாலும் சந்நிதியில் நின்றால், அந்த ஒரு நொடிச் சந்தோஷத்துக்காக மன்னிப்புத்தான் முதலில் வாயில் வருகிறது. 'கேஸ்' என்று இன்று யாரையும் நான் சொல்வதில்லை. பெயர் கேட்ட பிறகுதான் கையைத் தொடுகிறேன். அந்த அக்காவின் பெயர் கோமதி.

நிற்க இடமில்லாமல் தவிக்கிறீர்களா? அம்மையிடம் கேளுங்கள், கொடுப்பாள். கேட்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.