ஐந்து மாத்திரை மீதி

மலைமேல் வாழவந்தி நாட்டில் நாற்பத்தொரு வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். இரண்டு அறை, மூன்று பெஞ்சு. மலைக்குக் கீழே உள்ள மருத்துவக் கல்லூரி ஒன்று தன் மாணவர்களை இங்கே பயிற்சிக்கு அனுப்பும். பதினேழு பேர் வந்து போயிருக்கிறார்கள். பதினேழாவதாக வந்த பெண்ணின் காலத்தில், பிழைத்திருக்க வேண்டிய ஒரு அம்மாளை இழந்தேன். அதை எழுதாமல் ஏழு மாதம் தள்ளிப்போட்டுவிட்டேன்.

நோயாளிகளைப் பார்க்கப் பழகுவதோடு, கல்லூரியின் ரத்த அழுத்த மாத்திரை ஆய்வையும் அந்தப் பெண் இங்கே நடத்தினாள். பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி, மரவள்ளியும் மிளகும் போட்டிருந்த அந்த அம்மாள். முதல் நாள் ரத்தம் எடுக்க மாணவி ஊசியோடு வந்ததும் கேட்டாள்:

“குத்தத் தெரியுமா கண்ணு, இல்ல எங்கையிலதான் பழகப் போறியா?”

“உங்க கையில பழகினாத்தாம்மா நான் டாக்டராக முடியும்.”

“அப்ப இந்தா, எடது கை. வலது கை கெழங்கு தோண்ட வேணும்.”

பெஞ்சில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள்.

ஆய்வின் முறை எளிது. ஒரு டப்பாவில் முப்பத்தைந்து மாத்திரை. தினம் ஒன்று. முப்பது நாள் கழித்து டப்பாவைக் கொண்டுவந்தால் ஐந்து மீதி இருக்க வேண்டும்.

முதல் மாதம் அந்த அம்மாளின் டப்பாவில் பதினாறு இருந்தது. மாணவி, “ஏம்மா...” என்று ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் அதற்குள் பாய்ந்துவிட்டேன். அம்மாள் மீது இல்லை, மாணவி மீது.

“ஒரு மாத்திரையை முழுங்க வைக்கத் தெரியல, நீயெல்லாம் என்னம்மா டாக்டர்? பதினொண்ணு விட்டுப்போயிருக்கு, பதினொண்ணு!”

அவள் கண் கலங்கியது. அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த மாதம் ஐந்து. அதற்கடுத்த மாதமும், நான்காம் மாதமும் ஐந்து. ஆனால் அழுத்தம் இறங்கவே இல்லை. எண்ணிக்கை சரியாக இருக்கிறதே, மாத்திரைதான் வேலை செய்யவில்லை என்று எழுதச் சொன்னேன்.

ஐந்தாம் மாதம் அந்த அம்மாள் தன் மரவள்ளிக் காட்டில் விழுந்தாள். வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

நானும் மாணவியும் துக்கம் கேட்கப் போனோம். வீட்டுக்காரர் அழவில்லை. மாணவியைப் பார்த்துத்தான் பேசினார்.

“காட்டு வேலை இருக்கிற நாள்ல அதை முழுங்கமாட்டா கண்ணு. சரிவுல நிக்கறப்ப கிறுகிறுன்னு வருதும்பா. டப்பாவ எடுத்துக்கிட்டு ஒங்ககிட்ட வர்றதுக்கு மொத நாளு உக்காந்து எண்ணுவா. அஞ்ச மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை மொளகுக் கொடிக்கடியில பொதைச்சுருவா.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க” என்றேன்.

“இந்தப் புள்ளைக்குத் திட்டு வாங்கிக் குடுத்துட்டேன்னு அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சோறே திங்கலீங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாணவி ஒரே வாக்கியம்தான் பேசினாள். “அன்னைக்கு ஏன் மாத்திரையை விட்டீங்கன்னு கேட்கத்தான் சார் வாயெடுத்தேன்.”

“தெரியும்மா” என்றேன்.

மறுவாரம் மற்ற பதினெட்டுப் பேரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்றாள். நான் உள்ளே இருந்தால் உண்மை வராது என்று என்னை வெளியே உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். ஒவ்வொருவரும் என்னைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மதியம் கதவைத் திறந்து, “இதே மாதிரி எண்ணி வெச்சவங்க இன்னும் ஏழு பேர் சார்” என்றாள்.

நடந்ததை மறைக்காமல் கல்லூரிக்கு எழுதினாள். நான் திட்டியதும் அதில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த ஏழு பேரையும் ஆய்விலிருந்து விலக்கி வேறு மாத்திரை கொடுத்தோம். யாருக்கும் தலை சுற்றவில்லை. அந்த மாத்திரை முதல் மாதமும் என் அலமாரியில், மூன்றாம் தட்டில்தான் இருந்தது.